ரொசாலியாவுக்கு ஒரு நேர்த்தி

தென்னித்தாலி நாட்கள் – 14

சென்ற வாரம் பல்லரோ சந்தையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் சிலர், பலெர்மோவுக்கு இத்தனை தமிழர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள், எல்லோரும் கூடும் இடம் எது என்று கேட்டிருந்தார்கள். முதல் கேள்விக்குப் பதில் நீளம், பிறகு வருகிறேன். இரண்டாவதற்கு உடனே சொல்லிவிடலாம். அவர்கள் கூடும் இடம் ஒரு மலை. நகரின் வடக்கு ஓரத்தில், துறைமுகத்துக்கு மேலே, கடலை ஒட்டிச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது பெல்லெக்ரினோ மலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போகும் நகரப் பேருந்தில் ஏறினால் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழாமல் இருக்காது. மலைமேல் ஒரு குகை. குகைக்குள் சாந்தா ரொசாலியா என்ற கன்னித் துறவியின் சந்நிதி. போகிறவர்களில் கத்தோலிக்கர்கள் உண்டு. நெற்றியில் திருநீறு பூசிய சைவர்களும் அவர்களுக்கு இணையாகவே போகிறார்கள்.

இந்தத் தொடரைத் தொடங்கும்போதே இந்த மலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். செப்டம்பர் 3ஆம் தேதி இரவு ஏறிவிட்டு வந்து எழுதலாம் என்று காத்திருந்தேன். ரொசாலியாவின் நினைவு நாளான செப்டம்பர் 4க்கு முந்தைய அந்த இரவில் பலெர்மோ மலையேறுகிறது. ‘அக்கியனாத்தா’ என்று சிசிலி மொழியில் அதற்குப் பெயர்.

உயரம் சுமார் 600 மீட்டர்தான். ஆனால் நகரம் சமதரையில் கிடப்பதால், பழைய பலெர்மோவில் ஏதாவது ஒரு சந்து திரும்பும்போது சட்டென்று தலையை நீட்டும். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை; சரிவுகளில் பைன் மரங்களும் யூகலிப்டஸும். மாலை வெயில் பட்டால் பாறை இளஞ்சிவப்பாகிவிடும். 1787 ஏப்ரலில் இங்கே வந்த ஜெர்மானியக் கவிஞர் கேத்தே, கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளில் இதற்கு நிகரானது உலகில் இல்லை என்ற பொருளில் எழுதினார். கேத்தேயை ஒரு பக்கம்கூடப் படிக்காத வாடகைக்கார் ஓட்டுநரும் விருந்தாளியிடம் அதைச் சொல்வார்.

ரொசாலியாவின் கதை சின்னது. 12ஆம் நூற்றாண்டு, நார்மன் மன்னர்கள் சிசிலியை ஆண்ட காலம். பிரபுக் குடும்பத்துப் பெண். கல்யாணப் பேச்சு எழுந்தபோது வேண்டாம் என்று வீட்டை விட்டு வெளியேறினாள் என்கிறது மரபு. முதலில் தீவின் உள்நாட்டில், குயிஸ்கீனா என்ற காட்டில் ஒரு குகை. பிறகு இந்த மலையில் இன்னொரு குகை. இங்கேயே தனியாக இறந்தாள். அதற்குப் பிறகு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நகரம் அவளைப் பெரிதாக நினைக்கவில்லை. பலெர்மோவைக் காக்க ஆகதா, கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலிவா என்று நான்கு பெண் புனிதர்கள் ஏற்கனவே இருந்தார்கள். நகரின் நடுநாயகமான குவாத்ரோ காந்தி நாற்சந்தியில், நான்கு மூலைக் கட்டடங்களின் உச்சியிலும் இன்றும் நிற்பது அந்த நால்வர்தான். 1608இல் அந்தச் சந்தியைக் கட்டத் தொடங்கியபோது ரொசாலியாவைத் தேடுவார் இல்லை.

1624 மே மாதம் தூனிஸிலிருந்து ஒரு கப்பல் வந்தது. கூடவே கொள்ளைநோயும் வந்தது. ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியாகச் சிசிலியை ஆண்ட எமானுவேலே ஃபிலிபெர்த்தோவே ஆகஸ்ட்டில் அந்த நோய்க்குப் பலியானார். அவரை ஓவியமாகத் தீட்டுவதற்காக அந்த ஆண்டுதான் வந்து இறங்கியிருந்தார் ஃபிளாண்டர்ஸ் ஓவியர் வான் டைக். வந்தவர் நோய் பிடித்த நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்டார். அங்கே இருந்தபடி அவர் வரைந்த ரொசாலியா ஓவியங்களில் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னிறக் கூந்தலோடு மேலே எழும் பெண். அவளுக்குக் கீழே பலெர்மோத் துறைமுகமும் இதே மலையும்.

வான் டைக் வரைவதற்குக் காரணமான செய்தி ஜூலை 15 அன்று வந்தது. குகையில் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அவை ரொசாலியாவுடையவைதானா என்று பேராயரும் அறிஞர்களும் மாதக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்; கீழே மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1625 பிப்ரவரியில் வின்சென்ஸோ பொனெல்லி என்ற சோப்புக் காய்ச்சும் தொழிலாளி, நோயில் இளம் மனைவியைப் பறிகொடுத்த துக்கத்தில், உயிரை விடுவதற்காக இந்த மலைக்கு வந்தான். ரொசாலியா எதிரே தோன்றி அவனைத் தடுத்தாள், எலும்புகள் தன்னுடையவைதான் என்று பேராயரிடம் போய்ச் சொல்லச் சொன்னாள் என்பது ஊர் நம்பிக்கை. ஜூன் 9 அன்று பேராயர் ஜன்னெத்தீனோ தோரியா எலும்புகளை நகர்வலம் கொண்டுபோனார். நோய் தணிந்தது. அன்றிலிருந்து பலெர்மோவின் காவல் தெய்வம் ரொசாலியா. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 இரவு அவளுடைய தேர் கடலை நோக்கி இழுக்கப்படுகிறது. 2024இல் எலும்புகள் கிடைத்து 400 ஆண்டு நிறைந்தது.

சோப்புத் தொழிலாளியின் சொல்லுக்குப் பேராயர் காது கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். எலும்புகள் கிடைப்பதற்குச் சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே மலையில் தவமிருந்தவர்களில் ஒருவர் கறுப்பர். பெயர் பெனதெத்தோ. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தாய் தந்தைக்கு, சிசிலியின் சான் ஃபிரத்தெல்லோ கிராமத்தில் பிறந்தவர். பிறகு நகரின் தெற்கே சாந்தா மரியா தி ஜெசூ மடத்தில் சேர்ந்து சமையற்காரராக வேலை செய்தார். 1589இல் இறந்தார். 1652இல் பலெர்மோ நகர மன்றம் அவரையும் நகரின் காவலராக ஏற்றுக்கொண்டது. ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது 1807இல்தான். நகரத்தார் அதுவரை காத்திருக்கவில்லை. 2023 ஜூலையில் பலெர்மோவைச் சூழ்ந்த மலைகள் தீப்பற்றி எரிந்தபோது அந்த மடத்துக் கோயிலும் எரிந்து, அங்கே வைக்கப்பட்டிருந்த அவர் உடலும் பெரும்பகுதி கருகிப்போனது. மறுநாள் பல்லரோவில் காய்கறி விற்கும் பெரியவர் ஒருவர் அதைச் சொல்லி அழுதார்.

வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணையும், அடிமைகளுக்குப் பிறந்த சமையற்காரரையும் தனக்குக் காவலாக வைத்துக்கொண்ட ஊர் இது. தமிழர்கள் இங்கே வந்ததற்கு இது காரணமில்லை. வந்த பிறகு இந்த மலை ஏன் அவர்களுக்கு இவ்வளவு நெருக்கமாயிற்று என்று யோசிக்கும்போது இந்த இருவரையும் விட்டுவிட்டு யோசிக்க முடிவதில்லை.

இனி அந்த முதல் கேள்வி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து புறப்பட்டவர்களில் பலருக்கு சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று வடக்கே போவதுதான் எண்ணம். வழியில் இத்தாலியில் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் பலெர்மோவில் ஊன்றினார்கள். இங்கே தொழிற்சாலை வேலை குறைவு. ஆனால் பெரிய வீடுகள் இருந்தன. அந்த வீடுகளில் சமையல், துப்புரவு, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருந்தது. பல்லரோவை ஒட்டிய சாந்தா கியாரா சலேசியர் மையம் போன்ற இடங்கள் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. 1990இல் மார்த்தெல்லி சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முடிவதற்குள் நாட்டில் இருந்தவர்கள், அனுமதிச் சீட்டு இல்லாதவர்களானாலும், பதிவு செய்துகொள்ளலாம் என்றது. அந்தச் சீட்டு கையில் வந்த பிறகுதான் பலர் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். பல குடும்பங்களில் பெண்களுக்குத்தான் முதலில் நிலையான வேலை கிடைத்தது.

வீடுகளில் அந்த வேலை ஏன் காலியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தெற்கு இத்தாலி நெடுங்காலமாக மனிதர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் நிலம். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கும் அர்ஜெண்டினாவுக்கும், போருக்குப் பிறகு தூரின், மிலான் தொழிற்சாலைகளுக்கும் ஜெர்மனிக்கும், இப்போது படித்த பிள்ளைகள் பொலோஞ்ஞாவுக்கும் லண்டனுக்கும். நியூயார்க்கின் புரூக்ளினில், பென்சன்ஹர்ஸ்ட் பகுதியில், சிசிலிக்காரர்கள் ரொசாலியாவுக்குத் தெருத்திருவிழா எடுக்கிறார்கள். பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் தாய் தனியாக இருக்கிறாள். காலையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க, குளிக்க வைக்க, மதியம் பாஸ்தா வேகவைக்க ஒருவர் வேண்டும்.

என்னோடு மலையேறிய அக்கா அப்படி ஒரு வீட்டில்தான் வேலை செய்கிறார். பருத்தித்துறைப் பக்கத்துக்காரர். பல்லரோவில் மிளகாய்த்தூளும் கருவாடும் விற்கும் கடையில் பழக்கம். “நீங்கள் இந்தியாவோ?” என்று அன்று ஆரம்பித்த பேச்சு. அக்கியனாத்தாவுக்குப் போக வேண்டும் என்று சொன்னதும், “தனிய ஏன் போறியள், எங்களோட வாங்கோ” என்றார்.

பழைய பொருட்காட்சித் திடலைத் தாண்டியதும் மலையடிவாரம். இரவு பத்து மணிக்கு அங்கே நிற்க இடமில்லை. வறுத்த கடலையையும் உப்பிட்ட பூசணி விதையையும் பொட்டலமாக விற்கிறார்கள். பலெர்மோவில் இது இல்லாத திருவிழா கிடையாது. கடலை மாவைக் காய்ச்சி வில்லை போட்டுப் பொரிக்கும் பனெல்லேயின் எண்ணெய் வாசம். குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள், கையில் செபமாலையோடு வாய் முணுமுணுக்கும் பாட்டிகள், கழுத்தில் கால்பந்துக் குழுவின் இளஞ்சிவப்புத் துண்டு போட்ட இளைஞர்கள். அவர்களுக்கு நடுவே தமிழ்க் குடும்பங்கள் கொத்துக் கொத்தாக.

மேலே போக மோட்டார் சாலை ஒன்று உண்டு. நேர்த்தி வைத்தவர்கள் அதில் போவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் போட்ட கல்பாவிய பழைய பாதை, மலையின் விலாவில் மடிப்பு மடிப்பாக ஏறுகிறது. நானூறு ஆண்டுக் கால்கள் தேய்த்துக் கல் வழுவழுப்பாகிவிட்டது. வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நிறைய. கடைசிப் படிகளை முழங்காலால் ஏறுகிறவர்களும் உண்டு. அக்கா பாதை தொடங்கும் இடத்தில் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நீங்கள் நேர்த்தி ஏதும் வைச்சிருக்கிறியளோ, தம்பி?”

“இல்லை அக்கா. பார்க்கத்தான் வந்தேன்.”

“அதுக்கென்ன, ஏறுங்கோ. அவ கணக்குப் பாக்கிறவ இல்லை.”

“உங்களுக்கு என்ன நேர்த்தி?”

“ரெண்டு இருக்கு. ஒண்டு என்ர மகளுக்கு. மற்றது சிஞ்ஞோராவுக்கு.”

சிஞ்ஞோரா என்றது வேலை செய்யும் வீட்டு அம்மாவை. எண்பது தாண்டியவர். மகன் தூரினில், மகள் ஜெர்மனியில். சிறுமியாக இருந்தபோது தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இதே பாதையில் ஏறத் தொடங்கியவர், ஒரு வருடம்கூட விடாமல் ஏறியிருக்கிறார்.

“இப்ப அவவுக்கு முழங்கால் ஏலாது. அஞ்சாறு வருசத்துக்கு முன்னம் ஒருநாள் சாப்பிடேக்க அழுதவ. ‘இனி நான் ரொசாலியாவிட்டைப் போக மாட்டன், அவ என்னை மறந்திடுவா’ எண்டு. நான் சொன்னன், நான் போறன் அம்மா, உங்கட பேரைச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு. அண்டையில இருந்து அவவின்ர நேர்த்தியையும் நான்தான் கொண்டு போறன்.”

இந்த மலையைப் பற்றி நான் எழுத நினைத்ததெல்லாம் அந்த இடத்தில் ஒரு முகத்தைப் பெற்றுவிட்டது. பலெர்மோவின் நானூறு ஆண்டுப் பக்தியில் ஒரு பங்கை இப்போது பருத்தித்துறையில் பிறந்த ஒரு பெண்ணின் கால்கள் மேலே கொண்டுபோகின்றன. அந்த அம்மாவின் பிள்ளைகள் செய்திருக்க வேண்டியது அது. அவர்களைக் குறை சொல்லவில்லை; வேலை அவர்களை வடக்கே இழுத்துக்கொண்டது. ஆனால் ஒரு நகரத்தின் வேண்டுதல் அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்று அந்த நகரம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாதி வழியில் ஒரு திருப்பத்தில் எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள். கீழே துறைமுக விளக்குகள், நேப்பிள்ஸுக்குப் புறப்படும் கப்பல். தொலைவில் நகரத்தைச் சுற்றி வளைத்த மலைகள் கறுப்பாக. யாரோ ஒரு இளைஞன் ‘வீவா சாந்தா ரொசாலியா!’ என்று கத்த, பாதை முழுக்க அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. அக்காவும் சொன்னார், பலெர்மோக்காரர்களுக்கே உரிய இழுப்போடு. உடனே என்னைப் பார்த்து, “ஊரில எண்டால் இதில கற்பூரம் கொளுத்தியிருப்பம். இஞ்ச ஏலாது, காடு பத்தீடும்” என்றார்.

சைவராக இருந்துகொண்டு இந்தச் சந்நிதிக்கு வருவது எப்படி என்று கேட்டேன். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

“சின்னனில ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போய்க் கொட்டில் போட்டு நிண்டனாங்கள். அப்பா முருக பக்தர். அவர்தான் கூட்டிக்கொண்டு போறவர். அம்மன் எங்க இருந்தாலும் அம்மன்தானே?”

மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலை ஈழத்தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சைவர்களும் கத்தோலிக்கர்களும் சிங்களவர்களும் ஒரே மரநிழலில் தங்கும் இடம். நம் வேளாங்கண்ணிக்குப் போகிற இந்துக் குடும்பங்களுக்கும் இது புரியும். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் சிலையையே அங்கிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அக்கா அந்தச் செய்தியைப் பலெர்மோவில் ஒரு சமையலறையில் நின்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். “மாதாவே இடம்பெயர்ந்து போனவ, தம்பி. அந்த வருசம் இந்த மலையில ஏறேக்க எனக்குக் கால் நோகேல்லை” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

குன்றுகளில் முருகனை வைத்துக் கும்பிட்டுப் பழகியவர்களுக்கு மலை என்றாலே ஒரு வழிபாட்டிடம்தான். குடும்ப வாழ்க்கையை ஒதுக்கிவிட்டு இறைவனை நாடிய பெண்கள் என்றால் காரைக்காலம்மையார், ஔவை என்று நமக்கு ஒரு வரிசையே இருக்கிறது. ரொசாலியாவை ஏற்றுக்கொள்ள அவர்கள் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. அதைவிட முக்கியமாக, வந்து சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில் சீட்டு இல்லாதவர்கள் தயங்காமல் போய் உட்காரக்கூடிய இடங்கள் இந்த நகரத்தில் குறைவாகத்தான் இருந்தன. அவற்றில் ஒன்று இந்த மலை. கூட்டத்தோடு கூட்டமாக ஏறலாம். யார், எங்கிருந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை வெவ்வேறு சொற்களில் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நள்ளிரவுக்குச் சற்று முன்பு மேலே சேர்ந்தோம். சந்நிதி 400 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் பாறையோடு ஒட்டிக் கட்டிய 17ஆம் நூற்றாண்டு முகப்பு. அதைத் தாண்டினால் கூரையில்லாத ஒரு சின்ன முற்றம். முற்றத்தைத் தாண்டினால் குகை. அங்கே கால் வைத்ததும் குளிர்ச்சி. குகையின் கூரையிலிருந்து நீர் இடைவிடாமல் சொட்டுகிறது. அது கும்பிடுகிறவர்கள் தலையில் விழாமலிருக்க, பாறை நெடுகத் தகட்டுத் தூம்புகளைக் கோணல் மாணலாகப் பொருத்தியிருக்கிறார்கள். கேத்தே வந்த நாளிலும் தூம்புகள் இருந்தன; அவர் அவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். இடதுபக்கம் பீடத்தில் ரொசாலியா படுத்திருக்கிறாள். பிளாரன்ஸ் சிற்பி கிரெகோரியோ தெதெஸ்கி பளிங்கில் செய்த உருவம், மேலே பொன்னாடை. கை தலைக்கு அடியில், கண் பாதி மூடி. கேத்தே நெடுநேரம் இதன் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது வியப்பில்லை. தூக்கத்துக்குப் போகிறாளா, விழிக்கிறாளா என்று தீர்மானிக்க முடியாத முகம்.

சுவர்களில் வெள்ளிக் கண், வெள்ளிக் கால், வெள்ளி இதயம். பழநியிலும் வேளாங்கண்ணியிலும் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பீடத்தின் அருகே புகைப்படங்கள், கைக்குழந்தைச் சட்டை, மடித்த சீட்டுகள். அக்கா தன் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தார். ஒன்று சிஞ்ஞோராவின் நடுங்கிய கையெழுத்தில். மற்றது தமிழில். இரண்டையும் ஒன்றாக வைத்து, கைக்குட்டையைப் பீடத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டார். பின்னால் நெருக்கிய கூட்டத்தில் ஒரு பலெர்மோக்காரப் பெண்மணி, அவர் முடிக்கும்வரை மற்றவர்களைக் கையால் தடுத்து நிறுத்தினார்.

மகளுக்கான நேர்த்தி என்ன என்பதை வெளியே வந்து கல் திண்ணையில் உட்கார்ந்த பிறகு சொன்னார். மகள் பிறந்தது பலெர்மோவில். படித்தது இங்கே. யாழ்ப்பாணத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். வருகிற மார்ச் மாதம் அவளுக்குப் பதினெட்டு. இன்றுவரை அவள் சட்டப்படி வெளிநாட்டுக்காரி.

இத்தாலியின் 1992ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரத்த உறவை நம்புகிறது. பிறந்த மண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து சட்டப்படி குடியிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். வருமானமும் காட்ட வேண்டும். வீட்டு வேலையில் பாதிச் சம்பளத்தைக் கணக்கில் காட்டாத எஜமானர்கள் உள்ள ஊரில் அந்த வருமானத்தைக் காட்டுவது எளிதில்லை. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த குழந்தையோ, பதினெட்டு வயதுவரை இடைவிடாமல் சட்டப்படி குடியிருந்திருந்தால், பத்தொன்பதாம் பிறந்தநாளுக்குள் நகராட்சியில் போய் அறிவித்துக் குடியுரிமை பெறலாம். அந்த ஓர் ஆண்டைத் தவறவிட்டால் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். பத்து ஆண்டுகளை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் குறைக்கலாம் என்றார்கள். ஆனால் பாதிப் பேருக்கு மேல் வந்தால்தான் செல்லும். வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். எனவே செல்லாமல் போயிற்று.

இது அநியாயம் என்று நினைக்கிறேன். பலெர்மோவில் பிறந்து, இந்த ஊர்ப் பேச்சில் கனவு காணும் பெண்ணை அவள் பிறந்த வீட்டிலேயே விருந்தாளியாக வைத்திருக்கிறது இந்தச் சட்டம். பலெர்மோ நகராட்சி தன்னால் முடிந்ததைச் செய்யாமல் இல்லை. குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் பண்பாட்டு ஆலோசனை மன்றம் ஒன்றை 2013இல் அமைத்தது. மன்றக் கூட்டத்தில் தமிழர்கள் பேசி நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் வேலை ஆலோசனை சொல்வதோடு முடிந்துவிடும். குடியுரிமையை முடிவு செய்வது ரோம்.

“மூத்தவன் பாஸ்போட் கிடைச்ச கையோட லண்டனுக்குப் போயிட்டான்” என்றார் அக்கா. “இவளும் போயிடுவாள் எண்டு நினைச்சன். இவள் போகமாட்டாளாம். தாதிப் படிப்பு இஞ்சயே படிக்கப் போறாளாம். சிஞ்ஞோராதான் சின்னனில இவளுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லிக் குடுத்தவ. அந்தச் சீட்டில அவ என்ன எழுதினவ எண்டு எனக்குத் தெரியும். தன்ர முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.”

விடிவதற்குள் கூட்டம் பாதியாகிவிட்டது. செப்டம்பர் 4 பலெர்மோவில் விடுமுறை இல்லை. நகரின் விடுமுறை ஜூலை 15. அக்கா எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். முதல் பேருந்தில் இறங்கினோம். வழியெல்லாம் மகளின் காகிதங்களைப் பற்றித்தான் பேச்சு. இடையில் வீடு மாறியபோது பதிவில் சில மாதங்கள் விட்டுப்போயிருக்கிறது. அதுதான் அவர் கவலை. 2013இல் வந்த ஒரு சட்டத்திருத்தம் இந்த இடத்தில் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. பெற்றோரின் பதிவுக் குறைக்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. பள்ளிச் சான்றிதழையும் மருத்துவப் பதிவையும் காட்டி அந்த இடைவெளியை நிரப்பலாம். அதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலர் பள்ளி முதல் நாள் கொடுத்த சீட்டிலிருந்து தடுப்பூசி அட்டை வரை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறாராம்.

“மார்ச்சில நாங்கள் மூண்டு பேரும் நகராட்சிக்குப் போவம். சிஞ்ஞோராவும் வாறன் எண்டவ, சக்கர நாற்காலியில. நீங்களும் வந்து படிவத்தை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, தம்பி.”

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்பு, ரொசாலியா முதலில் ஒளிந்திருந்த குயிஸ்கீனா காட்டுக்குப் போய்வர வேண்டும். பலெர்மோவிலிருந்து தெற்கே, சாந்தோ ஸ்தேஃபனோ என்ற மலைக்கிராமத்துக்கு அருகில். அடுத்த வாரம் அங்கே.

(தொடரும்)